கொழுப்பைப் படிக்க ஆசைப்படும் மகளும் சேலம் செவ்வாய்ப்பேட்டை அப்பாவின் கவலையும்

ஐயா, வணக்கம்.

"நீட் வேண்டாங்கிறா. உடம்புக் கொழுப்புல இருந்து ஹார்மோன் வருதாம், அது நோயெதிர்ப்பு செல்லைக் கிளப்பி விடுதாம், அதைத்தான் படிப்பேங்கிறா. கொழுப்பைப் படிச்சவளுக்கு எவன் வேலை குடுப்பான்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கொலுசுப் பட்டறை நடத்துகிறவர் வரவு பார்க்காமல் முதல் போடமாட்டார், கேள்வி நியாயமானதுதான். வேலையைப் பற்றிச் சொல்வதற்கு முன், பாப்பா எதைப் பிடித்திருக்கிறாள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1993-ல் பாஸ்டனில் ஓர் ஆய்வுக்குழு, பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தை (அழற்சி என்றால் நோயெதிர்ப்பு செல்கள் கிளப்பும் வீக்கமும் எரிச்சலும்) சுரப்பதையும், அது இன்சுலினின் வேலையைக் கெடுப்பதையும் காட்டியது. மறு வருடமே நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு, கொழுப்பு செல் சுரக்கும் லெப்டினுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. லெப்டின் என்றால் பசி ஹார்மோன் என்றுதான் முதலில் பேசினார்கள். ஆனால் அதற்கான ஏற்பி, அதாவது ஹார்மோன் வந்து ஒட்டும் பூட்டு, டி செல்கள், மேக்ரோஃபேஜ்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களிலும் இருக்கிறது. இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிச் சமிக்ஞைகளை வாங்கும் ஏற்பிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. கொழுப்பு கூடினால் லெப்டினும் கூடி, இந்த செல்களை அழற்சிப் பக்கம் தள்ளும். பட்டினி கிடந்தால் லெப்டின் சரியும், எதிர்ப்புச் சக்தியும் தளரும். பட்டினி போட்ட எலிகளுக்கு லெப்டின் கொடுத்ததும் அது மீண்டதை 1998-ல் காட்டினார்கள்.

கொழுப்பு செல் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான அடிப்போனெக்டின் இதற்கு எதிர்க்கட்சி. மேக்ரோஃபேஜ்களை அடக்கி வைப்பது இதன் வேலை; ஆனால் கொழுப்பு கூடக் கூட இது குறைந்துபோகும். அளவுக்கு மீறி வீங்கிய கொழுப்பு செல் சாகும்போது மேக்ரோஃபேஜ்கள் அதைச் சுற்றி வளையமாக மொய்க்கும். கிருமி எதுவும் இல்லாமலே வருடக்கணக்கில் நீடிக்கும் அழற்சி இது.

நீங்கள் ஒல்லி, இருந்தும் சர்க்கரை என்று எழுதியிருந்தீர்கள். பாப்பாவின் ஆசை அங்கிருந்துதான் வந்திருக்கும் என்பது என் ஊகம். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) ஒரே 22.3. ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மூர்க்காரர் உடம்பில் 21.2! தராசு காட்டாத கொழுப்பு நம்மவர்களிடம் அதிகம். அது எங்கே சேர்கிறது, என்ன சுரக்கிறது என்பது சேலத்துக்கும் சம்பந்தப்பட்ட கேள்விதான்.

ஒன்றைப் பாப்பாவிடமும் சொல்லுங்கள்: எலியில் நடந்ததெல்லாம் மனிதரிலும் அப்படியே நடந்துவிடாது. டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் மருந்து மூட்டுவாத நோயாளிகளுக்குப் பெரிய வரம். சர்க்கரை நோயாளிகளிடம் எதிர்பார்த்த அளவு பலன் தரவில்லை. இந்தத் துறையில் இப்படிப்பட்ட ஏமாற்றங்கள் சகஜம். அதைத் தாங்குகிறவள்தானா என்று நீங்களே அறிவீர்கள்.

இனி படிப்பு. 'இம்யூனாலஜி' என்று போர்டு மாட்டிய இளநிலைப் படிப்பைத் தேடி அலையாதீர்கள். ஹார்மோன், ஏற்பி, செல்லுக்குள் ஓடும் சமிக்ஞை எல்லாமே அடிப்படையில் வேதியியல். பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி போதும். கல்லூரியில் அட்மிஷன் மேசையில் விசாரிக்காமல், மூன்றாம் வருட மாணவிகளைக் கேன்டீனில் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எலைசா பிளேட்டை (ஹார்மோன், புரத அளவு பார்க்கும் சோதனைத் தட்டு) நீங்களே போடுகிறீர்களா, இல்லை சார் போட்டுக் காட்ட ரெக்கார்டு எழுதுகிறீர்களா? பதிலைக் கேட்டாலே கல்லூரியின் தரம் தெரிந்துவிடும். முதுநிலைக்குப் பெங்களூரு நெடுஞ்சாலையில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளியே போக வேண்டுமென்றால் ஐ.ஐ.டி. ஜாம், காட்-பி என்ற முதுநிலை நுழைவுத் தேர்வுகள் இருக்கின்றன.

ப்ளஸ் டூ முடித்ததும் ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போகலாம், அருகே திருப்பதியிலேயே ஒன்று இருக்கிறது. ஆனால் அதன் நுழைவுத் தேர்வில் 60 கேள்விகளில் 15 கணக்கு. பாப்பா பியூர் சயின்ஸ் குரூப், கணக்கு இல்லை. மற்ற 45-ல் மிக நன்றாகச் செய்தால்தான் வாய்ப்பு.

வேலைக்கு வருவோம். வெறும் பி.எஸ்சி.க்குச் சம்பளம் குறைவு. ரத்தப் பரிசோதனை லேபுக்குப் போனால் டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமா) முடித்த பிள்ளையைத்தான் முதலில் எடுப்பார்கள். எம்.எஸ்சி.யோடு கைவேலையும் தெரிந்தால் பெங்களூரு, ஹைதராபாத் உயிரிமருந்துக் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகள் இருக்கின்றன. மேலே சொன்ன டி.என்.எஃப். தடுப்பு மருந்துகளில் ஒன்றான அடாலிமுமாப்பின் நிகர்மருந்தை (மூல மருந்துக்கு ஒப்பாக வேறு கம்பெனி தயாரிப்பது) இந்தியக் கம்பெனி ஒன்றே 2014-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் ஒவ்வொரு தொகுப்பையும் செல்லில் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும்.

ஆராய்ச்சியாளர்தான் ஆக வேண்டும் என்றால் பிஎச்.டி. வரை ஏறத்தாழ பத்து வருடம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பிற்பாதிக்கு உங்கள் பணம் தேவைப்படாது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. வரன் பார்ப்பது தள்ளிப்போகுமே என்று பாப்பாவின் அம்மா எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. அதைப் பாப்பாவிடமே கேளுங்கள், உறவினரிடம் வேண்டாம்.

அடுத்த முறை பேசும்போது அவளுடைய வேதியியல் காலாண்டு விடைத்தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த மார்க் வேண்டாம், கரிம வேதியியல் பகுதியை எப்படி எழுதியிருக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.