தண்ணீரில் நின்றும் தாகம்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் பூச்சாடியைப் பற்றியவை. எனக்கும் இதைப் பற்றிப் பேச ஆசை. ஐந்து கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

ரோஜாக் கொத்து வாங்கி வைத்தால் இரண்டாம் நாளே எல்லாப் பூவும் தலையைத் தொங்கப் போட்டுவிடுகிறது அக்கா. சாடியில் தண்ணீர் நிறையத்தான் இருக்கிறது. பழைய பூவைக் கொடுத்துவிட்டார்களா?

இதழைத் தொட்டுப் பாருங்கள். பழைய பூ என்றால் இதழ் துவண்டு, ஓரம் பழுத்து, லேசாகத் தட்டினாலே உதிரும். இதழ் விறைப்பாக இருந்து கழுத்து மட்டும் சாய்ந்திருந்தால் அது தாகம். தண்ணீரில் நின்றுகொண்டே பூ தாகத்தில் வாடுகிறது.

காம்புக்குள் மயிரிழையைவிட மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. பூவும் இலையும் மேலிருந்து உறிஞ்ச, தண்ணீர் அவற்றின் வழியே ஏறுகிறது. செடியிலிருந்து வெட்டிய பிறகும் அந்த உறிஞ்சல் நிற்பதில்லை. கீழே தண்ணீர் இல்லாவிட்டால் காற்றை இழுத்துக்கொள்ளும். உள்ளே போன காற்று குழாயை அடைத்துவிடும். அந்தக் காம்பை அப்படியே சாடியில் வைத்தால் தண்ணீர் மேலே போக வழி ஏது? ரோஜாவில் பூவுக்குக் கீழே உள்ள பகுதி இளசு. கீழ்க்காம்பைப் போல அது இன்னும் கட்டையாகவில்லை. உள்ளிருக்கும் தண்ணீரின் அழுத்தத்தால்தான் நிமிர்ந்து நிற்கிறது. ஆகவே தண்ணீர் குறைந்ததும் முதலில் சாய்வது அந்த இடம்தான்.

அன்றைக்கே கவனித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். கழுத்து நேராக நிற்கும்படி பூக்களைக் காகிதத்தில் சற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, காம்பின் நுனியை அதில் அமிழ்த்தி, நீருக்குள் வைத்தே 2, 3 செ.மீ. வெட்டுங்கள். உடனே வெதுவெதுப்பான தண்ணீரில், காம்பு முக்கால்வாசி மூழ்கும்படி, இரண்டு மணி நேரம் நிற்க வையுங்கள். மிகவும் துவண்ட பூ என்றால் வாளித் தண்ணீரில் முழுப் பூவையும் படுக்க வைத்து ஒரு மணி நேரம் விடுவேன். அதற்கும் நிமிராத பூவை விட்டுவிட வேண்டியதுதான்.

சாய்வாக வெட்டச் சொல்வது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். காம்பு சாடியின் அடியில் ஒட்டி உட்கார்ந்துகொள்ளாமல் இருக்கத்தான். அதைவிட முக்கியம் கத்தியின் கூர்மை. மொக்கைக் கத்தரிக்கோல் காம்பை நசுக்கிவிடும். கட்டைக் காம்பின் நுனியைச் சுத்தியலால் தட்டி வைக்கும் பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நசுங்கிய காம்பு சீக்கிரம் அழுகும், தண்ணீரும் கெடும்.

பூக்கடை வேலைக்கு நான் போன புதிதில் அங்கே ஒரு மூத்த அம்மா இருந்தார். காலையில் வந்ததும் பூக்களைப் பார்க்கவே மாட்டார். ஒவ்வொரு சாடியிலும் விரலை விட்டு உள்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். வழுக்கினால், “கொட்டு” என்பார். அவ்வளவுதான். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கிறதே, எதற்குக் கொட்ட வேண்டும் என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. அந்த வழுவழுப்புதான் பாக்டீரியா. அதே படலம் காம்பின் வாயிலும் படிந்து குழாய்களை மூடிவிடும். இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் என் விரல் தானாகச் சாடிக்குள் போகிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறை சாடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், புதுத் தண்ணீர் ஊற்றுங்கள், காம்பை மறுபடி கொஞ்சம் வெட்டுங்கள். தண்ணீருக்குள் ஓர் இலைகூட இருக்கக் கூடாது.

சர்க்கரை போடு என்கிறார் ஒருவர், ஆஸ்பிரின் என்கிறார் இன்னொருவர், செப்புக்காசு என்கிறார் மற்றொருவர். எதைக் கேட்பது?

சாடித் தண்ணீரில் கரைக்கச் சில கடைகளில் பூவோடு ஒரு சிறு பொட்டலம் தருவார்கள். அதில் மூன்று வேலைக்கான பொருள்கள் இருக்கும். ஒன்று சர்க்கரை. வெட்டிய பூ, அறை வெளிச்சத்தில் தனக்கு வேண்டிய உணவைத் தயாரித்துக்கொள்ள முடியாது. மொட்டு விரிய அந்தச் சர்க்கரை உதவும். இரண்டாவது புளிப்பு. சற்றே அமிலத்தன்மை உள்ள தண்ணீர் காம்பில் எளிதாக ஏறும். மூன்றாவது கிருமிகொல்லி. மூன்றும் சேர்ந்திருந்தால்தான் பலன். வெறும் சர்க்கரை போட்டால் பூவுக்கு முன்னால் பாக்டீரியாதான் சாப்பிடும். ஆகவே சர்க்கரை மட்டும் போடுவதற்கு ஒன்றும் போடாமல் இருப்பதே மேல்.

வீட்டிலேயே செய்ய: 1 லிட்டர் தண்ணீரில் 1 தேக்கரண்டி சர்க்கரை, 2 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து, கடைசியில் துணி வெளுக்கும் ப்ளீச் திரவம் அரைத் தேக்கரண்டி. நீர்க்காத ப்ளீச்சில் எலுமிச்சைச் சாற்றை நேராக ஊற்றவே கூடாது. நச்சு வாயு வரும். இரண்டுமே தண்ணீரில்தான் போய்ச் சேர வேண்டும்.

பொட்டலம் இருந்தால், அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். பாதியை மிச்சம் பிடித்தால் கிருமியைத் தடுக்க மருந்து போதாது, சர்க்கரை மட்டும் வேலை செய்யும். ஆஸ்பிரின் தண்ணீரைச் சற்றுப் புளிப்பாக்கும். அதற்கு எலுமிச்சையே போதும். காசிலிருந்து தண்ணீரில் கரையும் செம்பு மிகச் சொற்பம், அதை நம்ப வேண்டாம்.

இவ்வளவு மெனக்கெட முடியாது என்பவர்கள் தினமும் தண்ணீரை மாற்றுங்கள், அது போதும்.

சாப்பாட்டு மேசையில் வைத்த கார்னேஷன் பூக்கள் ஒரே இரவில் இதழைச் சுருட்டி மூடிக்கொண்டன. அதே நாள் வாங்கிய ஜெர்பரா பக்கத்திலேயே நன்றாக இருக்கிறது. ஏன்?

மேசையில் பழத்தட்டு இருந்ததா? பழுக்கும் வாழைப்பழம், ஆப்பிள் போன்றவை எத்திலீன் என்ற வாயுவை விடும். பழத்தைப் பழுக்க வைப்பது அதுதான், பூவை முதுமையாக்குவதும் அதுதான். கார்னேஷன் அதற்கு மிகவும் பயப்படும் பூ. ஆர்க்கிட்டும் அப்படியே. ஜெர்பரா அவ்வளவாக அசைந்துகொடுக்காது. அதனால்தான் உங்கள் மேசையில் ஒன்று மூடி, ஒன்று நிற்கிறது.

இது எனக்கு நேர்ந்திருக்கிறது. ஒரு விழாவுக்காக இரவு முழுவதும் உட்கார்ந்து கார்னேஷன் அலங்காரங்கள் செய்து ஓர் அறையில் வைத்துப் பூட்டினேன். மூலையில் பழுத்த வாழைத்தார் ஒன்று இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. காலையில் கதவைத் திறந்தபோது அத்தனை பூவும் தூங்கிவிட்டது போல இதழை உள்ளே மடக்கியிருந்தது. அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. தாகத்தில் சாய்ந்த ரோஜாவை எழுப்பலாம். இப்படி மூடிய கார்னேஷனை எழுப்ப முடியாது. வாடிய பூவும், சிகரெட் புகையும்கூட எத்திலீன் தருபவை. கொத்தில் ஒன்று வாடினால் அன்றே எடுத்துவிடுங்கள்.

ஜெர்பராவுக்கு வேறு தொல்லை. அதன் காம்பு மெத்தென்று, மேலே பூனைமயிர் போல இருக்கும்; தண்ணீர் அதிகமானால் அழுகும். நான்கு விரல் உயரத் தண்ணீர் போதும்.

இரவில் பூக்களை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

ரோஜா, கார்னேஷன், சாமந்திக்குக் குளிர் நல்லது. ஆர்க்கிட்டும் ஆந்தூரியமும் வெப்பப் பகுதிப் பூக்கள், குளிரில் கறுத்துப்போகும். ஃப்ரிட்ஜில் பழங்கள் இருந்தால் எந்தப் பூவையும் வைக்காதீர்கள். காரணம் மேலேயே சொல்லிவிட்டேன். வெயிலும் மின்விசிறிக் காற்றும் நேராகப் படாத குளிர்ந்த மூலை போதும்.

மகள் அனுப்பிய பூங்கொத்து அம்மா. ஒன்பது நாளாகிவிட்டது. ரோஜா, லில்லி, சாமந்தி கலந்தது. பாதி வாடிவிட்டது, தூக்கிப்போட மனமே வரவில்லை. இன்னும் சில நாள் வைத்திருக்க வழி உண்டா?

உண்டு. முதலில் கொத்தைப் பிரித்துவிடுங்கள். மூன்றும் ஒரே நாளில் வாடும் பூக்கள் அல்ல. சாமந்தியில் இலைதான் முதலில் மஞ்சளாகும். அதைப் பார்த்துப் பூவே போய்விட்டது என்று எறிந்துவிடுகிறார்கள். இலைகளை உருவிவிட்டுக் காம்பை வெட்டி வைத்தால் இன்னும் ஒரு வாரம்கூட நிற்கலாம்.

லில்லியில் மொட்டு மிச்சம் இருக்கிறதா பாருங்கள். விரிந்ததும் நடுவில் உள்ள மகரந்தப் பைகளை, தூள் உதிருமுன் கிள்ளி எடுத்துவிடுங்கள்; பூவும் நிற்கும், துணியிலும் கறை படாது. பட்டுவிட்டால் தண்ணீர் தொடாமல் ஒட்டுநாடாவால் ஒற்றி எடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் மட்டும் லில்லியை இன்றே வெளியேற்றுங்கள். இலை, மகரந்தம், சாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே வாங்கக் கூடியவை.

ரோஜாக்களைப் பாதி உயரத்துக்கு வெட்டி, சிறு கண்ணாடித் தம்ளர்களில் ஒவ்வொன்றாக வையுங்கள். காம்பு குறையக் குறையத் தண்ணீர் ஏற வேண்டிய தூரமும் குறையும். முழுதாக மலர்ந்து நிற்க முடியாத பூவை, இதழை ஒட்டிக் காம்பை வெட்டி, அகலக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். இரண்டு, மூன்று நாள் இருக்கும். அந்தக் கிண்ணத்துக்கும் தினமும் தண்ணீர் மாற்றுங்கள் அம்மா.