ஹாஃப் டோம் எதிரே மோதிரம்: எங்கே நிற்பது, எந்த முழங்காலை ஊன்றுவது?

கேள்வி: சான் ஹோசேயில் வேலை பார்க்கிறேன். நான்கு வருடமாகக் காதலிக்கும் பெண்ணிடம், அக்டோபர் நடுவில் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் மோதிரத்தை நீட்டிக் கல்யாணத்துக்குக் கேட்கப் போகிறேன். அவளுக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. ஆனால் படம் நன்றாக அமைய வேண்டும். டாஃப்ட் பாயின்ட் பாறை நுனியை மனதில் வைத்திருக்கிறேன். அவளுக்கு உயரம் என்றால் கொஞ்சம் பயம். நண்பன் கேமராவோடு வருவான். என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: முதல் பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. உயரம் பயம் என்கிறீர்கள். அப்புறம் எதற்கு டாஃப்ட் பாயின்ட்? அங்கே பாறையில் ஆழமான பிளவுகள் உண்டு. கைப்பிடிக் கம்பி ஒரு சின்ன இடத்தில் மட்டும்தான். 2018 அக்டோபரில் அங்கே ஒருவர் மண்டியிட்டுக் கேட்ட காட்சியைத் தூரத்திலிருந்து யாரோ எடுத்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அதே மாதம் அதே இடத்திலிருந்து ஓர் இந்தியத் தம்பதி விழுந்து இறந்தார்கள். பயந்த முகத்தோடு நிற்கும் பெண்ணிடம் கேட்டால் படத்திலும் அந்தப் பயம்தான் விழும்.

வெளிச்சக் கணக்கும் ஒத்துவரவில்லை. டாஃப்ட் பாயின்ட்டின் காட்சி பெரும்பாலும் மேற்குப் பக்கம். மாலையில் சூரியன் கேமராவுக்கு எதிரே, உங்களுக்குப் பின்னால் இறங்கும். உருவங்கள் கறுப்பு நிழலாகிவிடும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவள் கண் கலங்கியதா, சிரித்தாளா என்பது தெரியாது.

கிளேசியர் பாயின்ட் என்ற காட்சிமுனைக்குப் போங்கள். பள்ளத்தாக்கின் தரையிலிருந்து 3,200 அடி உயரம், ஆனால் கம்பி போட்டிருக்கிறார்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து நல்ல பாதையில் சிறிது தூர நடைதான், அவள் என்ன செருப்பு போட்டு வந்தாலும் சமாளிக்கலாம். எதிரே கிழக்கில் ஹாஃப் டோம் என்ற பெரிய பாறைமலை. மாலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து போய் அதன் மேல் விழும். அக்டோபரில் யோசெமிட்டி அருவி பெரும்பாலும் வற்றிக் கிடக்கும் என்பதால், பாறையைப் பின்னணியாக வைப்பதுதான் புத்திசாலித்தனம். கூட்டம் பிடிக்காது என்றால் அதே சாலையில் சற்று முன்னதாகவே வரும் வாஷ்பர்ன் பாயின்ட் இருக்கிறது. அங்கே ஹாஃப் டோம் பக்கவாட்டில் ஒல்லியாகத் தெரியும், கீழே வெர்னல், நெவாடா அருவிகளும் தெரியும். என்னைக் கேட்டால் வாஷ்பர்ன்தான்.

நேரம்: அந்த வாரத்தில் சூரியன் மறைவது மாலை ஆறு இருபது வாக்கில். கடைசி நிமிடத்துக்குக் காத்திருக்காதீர்கள். அப்போது ஹாஃப் டோம் தகதகக்கும், நீங்கள் நிற்கும் இடத்தில் நிழல் விழுந்து முகங்கள் இருண்டுவிடும். ஐந்தரை மணிக்குக் கேட்டுவிடுங்கள். அந்தச் சிவப்பு வெளிச்சம் வரும்போது இருவரும் நிதானமாக நின்று எடுக்கும் படங்களுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

இனி நண்பர். முந்தின நாளோ அன்று காலையோ அவரோடு தனியாகப் போய், எந்தக் கல்லருகே நிற்பது என்று முடிவு செய்யுங்கள். அது முடியாவிட்டால் அவர் மட்டும் முன்னால் போய் இடத்தைப் படமெடுத்து உங்களுக்குக் காட்டட்டும். முதலில் கேமரா நிற்கும் இடம், அதன் பிறகுதான் நீங்கள் நிற்கும் இடம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கேமரா மேற்கே, நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி பக்கவாட்டில், உங்கள் இருவருக்கும் நடுவே ஹாஃப் டோம். விளிம்பை ஒட்டி நிற்க வேண்டிய தேவையே இல்லை. 70-200 மி.மீ. ஜூம் லென்ஸில் தூரத்திலிருந்து எடுத்தால் பின்னணி நெருங்கி வந்து பெரிதாகத் தெரியும். பதினைந்து அடி உள்ளே நின்றாலும் மலை நுனியில் நிற்பது போலத்தான் இருக்கும். வெயில் நண்பருக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும், அதனால் அவருடைய நீண்ட நிழல் படத்துக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஷட்டர் வேகம் 1/500 நொடி, லென்ஸ் துளை எஃப் 5.6 அல்லது 8, ஷட்டர் சத்தத்தை அணைத்துவிட்டுத் தொடர்ச்சியாகப் படமெடுக்கும் முறை, பிறகு திருத்த வசதியான ரா (RAW) கோப்பு. ஒளிந்துகொள்ள வேண்டாம். யோசெமிட்டியில் முக்காலியோடு நிற்கும் ஆளை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் அவளுக்கு அவரைத் தெரியும் அல்லவா? தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகத்துக்கு முன்னால் கேமரா, தூரம். இந்த நான்கும் போதும்.

செல்போன் சிக்னலை நம்பித் திட்டம் போடாதீர்கள். "கிளம்பிட்டோம்" என்ற செய்தி போய்ச் சேராது. கடிகாரத்தை நம்புங்கள்: ஐந்து மணி முதல் நண்பர் இடத்தில் இருப்பார், நீங்கள் தொப்பியைக் கழற்றினால் அடுத்த நிமிடம் மண்டியிடப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

மண்டியிடுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு முறை நான் எடுக்கப்போனபோது, மாப்பிள்ளைப் பையன் பதற்றத்தில் கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கிடைத்தது நாற்பது படம், நாற்பதிலும் அவர் சட்டையின் பின்புறம்! கேமராவுக்கு அருகே இருக்கும் முழங்காலைத் தரையில் ஊன்றுங்கள். அப்போது தூக்கி நிற்கும் மற்றக் கால் உடம்பை மறைக்காது. மோதிரப் பெட்டியைக் கேமராவிலிருந்து தள்ளியிருக்கும் கையில் பிடியுங்கள். கேட்டு முடித்த கையோடு குபீரென்று எழாமல், அவள் பதில் சொல்லும் வரை அப்படியே இருங்கள். வீட்டில் கண்ணாடி முன் நான்கு தடவை செய்து பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மோதிரத்தை ஜிப் போட்ட உள்பையில் வையுங்கள். ஜீன்ஸ் பையில் வைத்தால் பெட்டி புடைத்துக்கொண்டு காட்டிக்கொடுக்கும். காரில் விட்டுவிட்டுப் போகவே வேண்டாம்.

விதிகள் பற்றிச் சுருக்கமாக. 2025 ஜனவரியில் வந்த சட்டப்படி, ஐந்து பேருக்கு மிகாத குழு கையில் தூக்கிப்போகும் கருவிகளோடு, பொதுமக்கள் போகும் இடத்தில், பிறருக்கு இடைஞ்சல் இல்லாமல் படமெடுக்க அனுமதிச் சீட்டு தேவையில்லை. கல்யாணச் சடங்கே அங்கே நடத்துவதாக இருந்தால் அனுமதி வேண்டும். டிரோனுக்குத் தடை. ரோஜா இதழ் தூவுவது, மெழுகுவத்தி ஏற்றுவது, வளைவு கட்டுவது எல்லாம் வேண்டாம். நுழைவுக்கு முன்பதிவு வேண்டுமா என்பது வருடத்துக்கு வருடம் மாறுகிறது, பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

உடை விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். திடீரென்று "நல்லா டிரஸ் பண்ணிக்கோ" என்றால் அவளுக்குப் புரிந்துவிடும். "ஊருக்கு அனுப்ப நல்ல போட்டோ ஒன்று எடுக்கலாம், அம்மா கேட்டாங்க" என்று ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள். மேலே மாலையில் குளிர் ஏறும். ஜாக்கெட் எடுத்துப்போங்கள், கேட்கும் நேரத்தில் கழற்றிவிடலாம். ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: கல்யாணம் பற்றி இருவரும் ஏற்கெனவே பேசியிருக்க வேண்டும். இடமும் நேரமும் ஆச்சரியமாக இருக்கலாம், கேள்வியே ஆச்சரியமாக இருக்கக் கூடாது.

சீக்கிரமே பனி விழுந்தால் கிளேசியர் பாயின்ட் சாலையை மூடிவிடுவார்கள், வழக்கமாக நவம்பர் வாக்கில். காட்டுத்தீப் புகையும் கெடுக்கலாம். மாற்று இடமாகப் பள்ளத்தாக்கில் குக்ஸ் மெடோ புல்வெளியை வைத்துக்கொள்ளுங்கள். உயரமும் இல்லை, பயமும் இல்லை. பள்ளத்தாக்கில் பெட்ரோல் பங்க் கிடையாது, வரும் வழியிலேயே நிரப்பிவிடுங்கள்.

அவள் சரி என்றதும் நண்பர் ஓடி வந்து கட்டிப்பிடிக்க வேண்டாம். ஐந்து நிமிடம் தள்ளியே நின்று படமெடுக்கட்டும், நல்ல படங்கள் அப்போதுதான் விழும். வெளிச்சம் அடங்கியதும் கிளம்பினால் பள்ளத்தாக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். சிக்னல் கிடைக்கும்போது ஊரில் காலை எட்டு, எட்டரை மணி. அம்மா காபி குடித்து முடித்திருப்பார், கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.