கல்லறையைக் காட்டாத சுற்றுலா

அன்புள்ள அக்காவுக்கு,

மதுரையிலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். 1741-ல் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களை வென்றதன் நினைவாக நிற்கும் குளச்சல் வெற்றித்தூணைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. விடுமுறையில் நாகர்கோவிலில் தங்கி, வழிகாட்டியோடு போகும் அரைநாள் சுற்றுலா ஒன்றில் சேர்ந்தோம். போர் நினைவிடங்களையும் ஊரின் முக்கியமான இடங்களையும் காட்டுவதாகச் சொன்னார்கள்.

நாகர்கோவில் மணிக்கூண்டான மணிமேடையை வேனில் இருந்தபடியே பார்த்தோம். பத்மநாபபுரம் அரண்மனையில் வெகுநேரம் இருந்தோம். அங்கே டச்சுப் படை அதிகாரி டிலனாய் சரணடையும் ஓவியத்தின் முன்னாலேயே வழிகாட்டி போர்க்கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். உதயகிரிக் கோட்டையில் மான்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். உள்ளே டிலனாயின் கல்லறை இருப்பதே ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. கடைசியாகக் குளச்சல். ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, அப்பா தூணுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு ஓடிவந்து ஏறினார்.

ஆசியாவில் ஐரோப்பியர் முதன்முதலாகத் தோற்றது குளச்சலில்தான் என்றார் வழிகாட்டி. மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கிபோலத் தோளில் வைத்து நின்று டச்சுக்காரர்களை ஏமாற்றினார்கள் என்றும் சொன்னார். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. அரைநாளில் வரலாற்றைக் காட்ட முடியாது, இது வெறும் ஏமாற்று என்று எழுதி இணையத்தில் இரண்டு நட்சத்திரம் கொடுத்தேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. நீங்கள் தக்கலைக்காரர். நான் எழுதியது சரிதானா?

ர., மதுரை

அன்புள்ள ர.,

கல்லறையைக் காட்டாமல் விட்டது பெரிய குறை. நீங்கள் கோபப்பட்டது நியாயம்தான். ஆனால் அரைநாள் போதாது என்று எழுதியதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குளச்சலில் புறப்பட்டு திங்கள்சந்தை, இரணியல் வழியாகத் தக்கலைப் பக்கம் வர அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. அங்கிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டரில் அரண்மனை. ஒரு போர் முடிந்த கரை, அதில் பிடிபட்டவன் எழுப்பிய கோட்டை, பிடித்த அரசனின் வீடு எல்லாம் ஒரு காலைப்பொழுதுக்குள் அடங்கிவிடுகிற தூரத்தில் இருக்கின்றன. இப்படி ஒரு வசதி வேறு எத்தனை போர்களுக்கு உண்டு? உங்களை அழைத்துப்போனவர்கள் வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டார்கள். கதையை ஓவியத்தில் முடித்துவிட்டால் அதற்குப் பிறகு கோட்டையில் சொல்ல என்ன இருக்கும்? மான்தான் இருக்கும்.

குளச்சலில் தொடங்கியிருக்க வேண்டும். அந்தப் போருக்குக் காரணம் மிளகு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மலையாளக் கரையின் மிளகு தங்கள் கைக்கே வர வேண்டும். சிறு சிறு அரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கி வளர்ந்த திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மா அதற்குக் குறுக்கே வந்தார். இலங்கையிலிருந்து வந்த கம்பெனிப் படை குளச்சலில் இறங்கி, சுற்றுப்புற ஊர்களைக் கொள்ளையடித்து, பத்மநாபபுரத்தை நோக்கி நகர்ந்தது. திருவிதாங்கூர்ப் படை திருப்பித் தாக்கியதும் கரையில் அமைத்திருந்த தங்கள் அரணுக்குள் ஒடுங்கியது. முற்றுகையின்போது உள்ளேயிருந்த வெடிமருந்துப் பீப்பாயில் தீப்பிடித்து, சேர்த்து வைத்திருந்த அரிசி எரிந்துபோயிற்று. 1741 ஆகஸ்டில் சரணடைந்தார்கள். ஆடி மாதக் கடல் எப்படி இருக்கும் என்று குளச்சல்காரர்களைக் கேளுங்கள். அந்த அலையில் கப்பலிலிருந்து ஆளையும் அரிசியையும் கரையில் இறக்குவது லேசான காரியமில்லை. தூணுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்று இதைச் சொன்னால், ஏன் தோற்றார்கள் என்பது பள்ளிப்பிள்ளைக்கும் விளங்கும். ஓவியத்துக்கு முன்னால் நின்று சொன்னால் விளங்காது, அதில் பசி தெரியாது.

ஆசியாவில் முதல் தோல்வி என்று வழிகாட்டி சொன்னது தவறு. நீங்கள் சந்தேகப்பட்டது சரி. இதே டச்சுக் கம்பெனியிடமிருந்து கோக்ஸிங்கா என்னும் சீனத் தளபதி 1662-ல் தைவானையே பிடுங்கிக்கொண்டார். அங்கிருந்த டச்சுக்காரர்களின் ஜீலாண்டியா கோட்டை மாதக்கணக்கான முற்றுகைக்குப் பிறகு விழுந்தது. குளச்சலுக்கு அந்தப் பொய்ப் பட்டம் தேவையே இல்லை. மலையாளக் கரையின் மிளகைத் தன் பிடியில் வைத்திருக்கக் கம்பெனி போட்ட திட்டம் இங்கே முறிந்தது. 1753-ல் மாவேலிக்கரை உடன்படிக்கையில் உள்நாட்டு அரசுகளின் விவகாரங்களில் தலையிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒரு சிறு கரைக்கு இந்தப் பெருமை போதும்.

துடுப்புக் கதையை மட்டும் அப்படித் தள்ளிவிடாதீர்கள். “எங்க ஆளுவ துடுப்ப தோளுல வச்சிட்டு நின்னதாக்கும், வெள்ளக்காரன் அத தோக்குன்னு நெனச்சான்” என்று கடற்கரையில் இன்றும் சொல்வார்கள். பனந்தடிகளை வண்டியில் ஏற்றிப் பீரங்கிபோல நிறுத்தியதாகவும் சொல்வார்கள். டச்சு ஆவணத்தில் இதைத் தேடிப் பயனில்லை. ஆனால் அரசரும் தளபதியும் கம்பெனியும் நிறைந்த அந்த வரலாற்றில் இந்தக் கரையின் மீனவர்களான முக்குவர் கால் வைக்கிற ஒரே இடம் இந்தக் கதை. யாருடைய கரையில் போர் நடந்ததோ, யாருடைய குடிசைகள் முதலில் எரிந்திருக்குமோ, அவர்கள் தாங்களும் அங்கே இருந்தோம் என்று சொல்கிறார்கள். ‘கரையில் இப்படி ஒரு கதை உண்டு’ என்று அந்த வழிகாட்டி ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால் உங்களுக்கும் மனம் ஒத்திருக்கும். அவர் அதைச் சொன்னார் என்பதற்காகவே நான் அவருக்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுப்பேன்.

இனி உதயகிரி. சுற்றுலாவின் பாதி நேரம் இங்கே செலவாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பலரும் இதை டிலனாய் கோட்டை என்றுதான் சொல்வார்கள். பழைய கோட்டை ஒன்று இருந்த இடத்தில், சிறைப்பட்டு வந்த யூஸ்டாகியஸ் டி லனாய் குன்றைச் சுற்றிக் கருங்கல் மதில் எழுப்பினார். உள்ளே பீரங்கி வார்க்கும் உலை நடந்தது. இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. குழந்தைகளோடு வருகிறவர்கள் மானையும் பறவைகளையும் பார்த்துவிட்டுப் போகட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் போர் நினைவிடம் காட்டுகிறேன் என்று காசு வாங்கியவர் மானோடு நிறுத்தக் கூடாது. இன்னும் கொஞ்சம் நடந்தால் இடிந்துபோன சிற்றாலயம். அதற்குள்தான் அவர் கிடக்கிறார்.

கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. திருவிதாங்கூர்ப் படைக்குத் தலைவனாக இருந்து 37 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைய அரசருக்கு ஊழியம் செய்தார், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை ஆயுத பலத்தாலும் அச்சத்தாலும் அடக்கினார், 62 ஆண்டும் 5 மாதமும் வாழ்ந்து 1777 ஜூன் 1 அன்று இறந்தார் என்று லத்தீன் எழுத்து சொல்கிறது. இதை நின்று வாசித்துக் காட்ட ஒரு வழிகாட்டி வேண்டும். இன்றைய பிரான்ஸில் உள்ள அராஸில் பிறந்தவர். கம்பெனி வேலைக்கு வந்து, தோற்று, தன்னைத் தோற்கடித்தவருக்கே படை பழக்கி, ‘வலிய கப்பித்தான்’ (பெரிய கேப்டன்) என்று பெயர் வாங்கி, ஊர் திரும்பாமல் புலியூர்க்குறிச்சியில் புதைந்தார். பக்கத்தில் மனைவி. மகன் ஜோஹன்னஸும் இங்கேதான் இருக்கிறான். 1765-ல் களக்காட்டுச் சண்டையில் செத்தபோது அவனுக்கு வயது 19. குளச்சல் வெற்றியிலிருந்து பிறந்த படை, கப்பித்தானின் சொந்தப் பிள்ளையையும் தின்றது. அது அடக்கிய நாடுகளும் நம் அண்டை நாடுகள்தாம். வெள்ளைக்காரனை வென்றோம் என்று தூணில் நிறுத்திக்கொள்கிற கதை, இந்தக் கல்லுக்கு முன்னால் வந்தால் அவ்வளவு எளிதாக இருப்பதில்லை. அப்பாவைப் போலச் சீருடை போட்டவர்களுக்கு அது இன்னும் நன்றாகப் புரியும். அவரை இங்கே நிறுத்தாமல் கூட்டிப்போனதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. நட்டாலத்து நீலகண்டபிள்ளை திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தபோது டி லனாயோடு பழகித்தான் கிறிஸ்தவத்தை அறிந்தார். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். மார்த்தாண்டவர்மாவின் ஆட்சியிலேயே பிடிக்கப்பட்டு, ஊர் ஊராக இழுக்கப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் வத்திக்கானில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அவரை இழுத்துவந்த வழியில் தாகத்துக்கு நீர் கொடுத்ததாக மக்கள் நம்பும் முட்டிடிச்சான்பாறை கோட்டைக்கு அருகில்தான் இருக்கிறது. சாதி மதம் பாராமல் வந்து நீர் எடுத்துப்போகிறார்கள். மார்த்தாண்டவர்மாவின் வெற்றியைச் சொல்கிறவர் இதையும் சொல்ல வேண்டும்.

அரண்மனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் கேரளத் தொல்லியல் துறை அதை நன்றாகவே பார்த்துக்கொள்கிறது. அந்த மரவேலைக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். போர்ச் சுற்றில் ஓவியத்தை மட்டும் பார்த்தால் போதும், அதுவும் கல்லறைக்குப் பிறகு. மணிமேடை 1893-ல் வந்தது, இந்தக் கதைக்குச் சம்பந்தமில்லை. சாயங்காலம் கடைத்தெருவில் நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். நேரம் மிஞ்சினால், பிற்காலத்தில் ஆங்கிலேயரை எதிர்த்த திருவிதாங்கூர் தளவாய் வேலுத்தம்பி பிறந்த தலக்குளத்தை எட்டிப்பார்க்கலாம், இரணியலுக்குப் பக்கம்தான். 1809-ல் ஆங்கிலேயர் ஆரல்வாய்மொழி அரணை உடைத்து நுழைந்து சில நாட்களுக்குள் உதயகிரியும் அவர்கள் கைக்குப் போயிற்று. டிலனாயின் மதில் அன்றைக்கு உதவவில்லை.

மதிப்புரையை அழிக்க வேண்டாம், திருத்துங்கள். ஏமாற்று என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அரைநாளைக் குறை சொன்ன வரியையும் எடுங்கள். கல்லறையைக் காட்டவில்லை, தூணின் அருகே நிற்க நேரம் தரவில்லை, ‘ஆசியாவில் முதல்’ என்பது தவறு என்ற மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். துடுப்புக் கதையைச் சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். வழிகாட்டி பெரும்பாலும் உள்ளூர்ப் பையனாக இருப்பான். எது குறை என்று பெயர் சொல்லி எழுதினால் அடுத்த வண்டியை அவன் சிற்றாலயத்துக்குத் திருப்புவான். இரண்டு நட்சத்திரத்தைப் பார்த்து அவனுக்கு ஒன்றும் விளங்காது.

அப்பாவை மறுபடியும் அழைத்து வாருங்கள். ஜூலை 31-ஐத்தான் வெற்றி நாளாகக் கொண்டாடுகிறார்கள், அதை ஒட்டி வந்தால் நல்லது. பழைய திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்தது மெட்ராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாவது பட்டாலியன்; அன்று ராணுவத்தினர் குளச்சல் தூணுக்கு வந்து மரியாதை செலுத்துவது வழக்கம். காலையில் குளச்சல், பிறகு உதயகிரி, கடைசியில் அரண்மனை. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அரண்மனைக்கு விடுமுறை.

அன்புடன்,
அக்கா