குப்புசாமி என்ற பெயருக்கு என்ன பொருள்? ஏன் அப்படிப் பெயர் வைத்தார்கள்?

குப்பை என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. குப்பன், குப்பு, குப்புசாமி, குப்பம்மாள் எல்லாம் ஒரே குடும்பம். கேட்டவுடன் யாரோ கேலிக்கு வைத்த பட்டப்பெயர் போலத் தோன்றும். பெற்றவர்களே நெஞ்சு பதைக்க வைத்த பெயர் அது.

என் ஆயா (பாட்டி) பெயர் குப்பம்மாள். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். அவருக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் தவழுவதற்குள் போய்விட்டன. நான்காவதாக ஆயா பிறந்ததும், முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்தார்களாம். பக்கத்து வீட்டுக்கார அம்மா, "யார் பெத்த பிள்ளையோ, கேட்பாரில்லாம கிடக்குதே" என்று சொல்லித் தூக்கிக்கொண்டார். பெற்ற தாய் ஒரு படி தவிடு கொடுத்து அவரிடம் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, குப்பையில் கிடந்தது என்று எமன் ஏமாந்து போக வேண்டும், ஊர்க்கண்ணும் படக்கூடாது. அதற்குத்தான் இத்தனையும். "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று வீட்டில் நம்மைச் சீண்டுவார்களே, அதற்குப் பின்னால் இருப்பதும் இந்த வழக்கம்தான்.

பிச்சை, பிச்சைமுத்து, பிச்சையம்மாள் போன்ற பெயர்களும் இப்படித்தான்: சாமியிடம் பிச்சையாகக் கேட்டு வாங்கிய உயிர். சில வீடுகளில் மூக்குக் குத்தி மூக்கன், மூக்கம்மாள் என்று அழைத்தார்கள். தெலுங்கில் பெண்டய்யா என்பார்கள். பெண்ட என்றால் சாணம், குப்பை. வங்காளத்தில் தீன்கௌடி என்ற பெயர் உண்டு, மூன்று சோழிக்கு வாங்கிய பிள்ளை என்று அர்த்தம். நூறு வருடத்துக்கு முன் இந்தியாவில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அந்தப் பயம் எல்லா ஊரிலும் இருந்தது.

சாதி பார்த்தும் வந்த பெயரில்லை இது. சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த பேரறிஞரின் பெயரும் குப்புசாமி சாஸ்திரிதான்.

உங்கள் வீட்டில் ஒரு குப்புசாமி இருந்திருந்தால், அவருக்கு முன் பிறந்தவர்களைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் ஆயா தன்னைத் தூக்கிய அந்த அம்மாவையும் கடைசிவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார். பொங்கலன்று முதல் படையல் சோறு அந்த வீட்டுக்குத்தான் போகும்.