செய்தி முந்துமா, காய்ச்சல் முந்துமா?

டெங்கு பற்றி எழுதியதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நோயைப் பற்றியவை அல்ல, நோய் பற்றி வரும் செய்திகளைப் பற்றியவை. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டிவியைத் திறந்தாலே டெங்கு, டெங்கு என்கிறார்கள். அப்படியும் காய்ச்சல் குறையக் காணோமே, டாக்டர்?
(வாசகி, தஞ்சாவூர்)

முதல் காரணம், செய்தி லேட்டாக வருகிறது. கணக்குப் பாருங்கள். டெங்கு உள்ளவரைக் கடித்த கொசு, அந்த வைரஸை இன்னொருவருக்குக் கொடுக்கும் நிலைக்கு வர சுமார் 8 முதல் 12 நாள் ஆகும். அது கடித்தவருக்குக் காய்ச்சல் வர மேலும் 4 முதல் 10 நாள். அவர் இரண்டு நாள் மாத்திரை போட்டுப் பார்ப்பார், அப்புறம்தான் ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனை எல்லாம். ஆக, இன்றைக்கு டிவியில் ஓடும் எண்ணிக்கை இரண்டு மூன்று வாரத்துக்கு முந்தைய கதை.

இரண்டாவது, ‘கொசுவை ஒழிப்போம்’ என்றால் எல்லோரும் சாக்கடையைத்தான் பார்க்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வதோ வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் நல்ல தண்ணீரில். ஒருமுறை கொசுப்புழு ஒழிக்கும் ஊழியர்களோடு ஒரு சந்துக்குப் போயிருந்தேன். “எங்க வீட்டுல கொசுவே கிடையாது சார், வாசல்ல சாக்கடையும் இல்ல” என்றார் ஒரு வீட்டு அம்மா. கூட வந்த பெண் ஊழியர் பதில் பேசவில்லை. ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டில் தேங்கியிருந்த தண்ணீரை ஒரு எவர்சில்வர் டம்ளரில் வழித்தெடுத்து, வாசல் வெயிலில் சாய்த்துக் காட்டினார். அறுந்த நூல் மாதிரி ஏழெட்டுப் புழு, நெளிந்து நெளிந்து மேலே வந்து போயின. அந்த அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் சந்தின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே ஃப்ரிட்ஜை இழுத்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள்!

2009-ல் வந்த ஒரு கணித ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. விழிப்புணர்வு ஊர் முழுக்கப் பொதுவாகப் பரவினால் நோயாளிகளின் எண்ணிக்கை குறையலாம், ஆனால் நோய் கிளம்புவதைத் தடுக்க அது போதாது. நோய் இருக்கும் இடத்தைச் சுற்றியே ஆளுக்கு ஆள் எச்சரிக்கை பரவினால், தொற்றும் வேகம் மிக அதிகமாக இல்லாதவரை, நோய் அங்கேயே அடங்கிப்போகவும் கூடும். அந்தக் கணக்கு மனிதருக்கு மனிதர் தொற்றும் நோய்க்குப் போட்டது, கொசுவுக்கு அல்ல. ஆனாலும் எனக்கு அந்த டம்ளர்தான் ஞாபகம் வந்தது.

எண்ணிக்கையை வெளியே சொல்லாமல் இருந்தால் பீதியாவது குறையுமே?
(வாசகர், மதுரை)

குறையாது. 2002 நவம்பரில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்றுநோய் தலைகாட்டியது. அதிகாரிகள் வாயைத் திறக்கவில்லை. அடுத்த பிப்ரவரிக்குள் ‘உயிரைக் குடிக்கும் காய்ச்சல்’ என்று செல்போனில் குறுஞ்செய்திகள் பறந்தன. வினிகரைக் காய்ச்சி ஆவி பிடித்தால் கிருமி சாகும் என்று யாரோ கிளப்பிவிட, கடைகளில் வினிகர் விலை எகிறியது. ஏப்ரலில் ஜியாங் யான்யோங் என்ற ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவர், பெய்ஜிங்கில் அரசு சொல்வதைவிட நோயாளிகள் மிக அதிகம் என்று பத்திரிகைகளுக்குச் சொன்னார். அந்த மாதமே சுகாதார அமைச்சர் பதவி இழந்தார். அதற்குள் நோய் ஹாங்காங், வியட்நாம், சிங்கப்பூர், கனடா என்று போய்விட்டிருந்தது. மொத்தத்தில் 8,000 பேருக்கு மேல் பாதிப்பு, 774 பேர் உயிரிழப்பு.

அரசு பேசாவிட்டால் ஊர் பேசும், சார். அதில் வினிகர்தான் விற்கும்.

அறிவிப்பாலேயே நோய் பரவுமா?
(வாசகர், சென்னை)

சென்னைக்காரர் நீங்களே கேட்கிறீர்களா! 2020 ஏப்ரல் 24 அன்று, 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. இடையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அன்றைக்குக் கோயம்பேட்டிலும் மற்றக் கடைத்தெருக்களிலும் நின்ற கூட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மே 5-ல் கோயம்பேடு சந்தையை மூடினார்கள். அதற்குள் சுமை தூக்குபவர்கள், வியாபாரிகள், லாரிக்காரர்கள் வழியாக அரியலூர், கடலூர், விழுப்புரம் வரை தொற்று போயிருந்தது. சந்தை அதற்கு முன்பும் நெரிசலாகத்தான் இருந்தது, அந்த ஒரு நாள் மேல் மட்டும் பழி போட முடியாது. ஆனால் ‘நாளை மறுநாள் கடை இல்லை’ என்று மட்டும் சொல்லி, காய்கறி எப்படிக் கிடைக்கும் என்பதைப் பளிச்சென்று சொல்லாவிட்டால் யாரானாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் செய்வார்கள். நானும் ஓடினேன்.

வாட்ஸ்அப்பில் வந்த ஆடியோவைக் கேட்டுவிட்டு, பேரனுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி வேண்டாம் என்கிறாள் மருமகள். எப்படிப் புரியவைப்பது?
(வாசகி, ஈரோடு)

முதலில் திட்டாதீர்கள், அம்மா. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடத் தொடங்கியபோதும் இப்படித்தான் வாட்ஸ்அப்பில் புரளி பறந்தது. படித்த பெற்றோர்களே பள்ளிக்கூடத்தில் ‘எங்கள் பிள்ளைக்கு வேண்டாம்’ என்றார்கள்.

இந்தப் பயத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை உள்ளிட்ட முத்தடுப்பு ஊசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டு எழுதினார். அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழ் 2010-ல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதற்குள் பிரிட்டனில் ஊசி போடுவது குறைந்து தட்டம்மை திரும்பி வந்துவிட்டது. 100-க்கு 95 பேருக்காவது பாதுகாப்பு இருந்தால்தான் அது ஊருக்குள் பரவாது, அவ்வளவு வேகமான தொற்று.

மருமகளிடம் ‘அதெல்லாம் பொய்’ என்று தொடங்காமல், ‘உனக்கு எதும்மா பயம்?’ என்று கேளுங்கள். ஊசி போட்டால் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், சிலருக்கு உடம்பில் லேசாகத் தடிப்பு வரும். அதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிரசவத்தின்போது பார்த்த செவிலியர் யாராவது இருந்தால் அவரைப் பேசச் சொல்லுங்கள். மாமியார் சொல்வதைவிட அது எடுபடும், தப்பாக நினைக்காதீர்கள்.

தொற்று வந்த வீட்டை ஊருக்கே காட்டிக்கொடுத்தால் மற்றவர்கள் உஷாராக இருப்பார்கள் இல்லையா?
(வாசகர், சேலம்)

கொரோனா காலத்தில் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டி, தகரம் அடித்தார்களே, அப்போது என்ன நடந்தது? இருமல் இருந்தவர்கள் பரிசோதனைக்கே வரவில்லை. வந்த சிலர் தப்பான செல் நம்பர் கொடுத்தார்கள். எந்தத் தெருவில் தொற்று இருக்கிறது என்று சொன்னால் போதும், கதவு எண் எதற்கு?

பப்பாளி இலைச் சாறு குடித்தால் டெங்கு மற்றவர்களுக்குப் பரவாதாமே?
(வாசகர், காரைக்குடி)

பரவும். நீங்கள் என்ன குடித்தீர்கள் என்று கேட்டுவிட்டுக் கொசு கடிப்பதில்லை. காய்ச்சல்காரரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். ஏடிஸ் கடிப்பது பெரும்பாலும் பகலில்தான்.