ஜெய்லன் வாங்காத கடன்

வணக்கம் சார்,

கதாபாத்திரங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதைக் கேட்கிறேன். 2020 ஊரடங்கில் என் மகன் பிளேஸ்பால் என்ற இணைய விளையாட்டே கதியென்று கிடந்தான். பேஸ்பால் மாதிரிதான், ஆனால் கிரகணம், கடவுள்கள், ஆளை எரிக்கும் அம்பயர்கள் எல்லாம் உண்டாம். அதில் ஜெய்லன் ஹாட்டாக்ஃபிங்கர்ஸ் என்று ஒரு வீரர். இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொல்லும்போது அவன் குரல் மாறிவிடுகிறது. யார் எழுதிய பாத்திரம் என்றால், ‘யாரும் எழுதலப்பா, வெறும் பேருதான்’ என்கிறான். செத்து, திரும்பி வந்து, பலி வாங்கினாராம். இது நம் இசக்கி, நீலி கதைதானே? ஒரு வரிகூட எழுதப்படாத ஆளுக்காக வருத்தப்பட முடியுமா, இல்லை இது வெறும் கூட்டக் கிறுக்கா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

கிறுக்குத்தான். ஆனால் ஒதுக்கிவிடக்கூடிய கிறுக்கு இல்லை.

பிளேஸ்பாலை உருவாக்கியது லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தி கேம் பேண்ட் என்ற சிறிய நிறுவனம். 2020 ஜூலை 20 அன்று தொடங்கினார்கள். அதே வாரத்தில்தான் அமெரிக்காவின் நிஜ பேஸ்பால் லீக், 162 ஆட்டங்களை 60 ஆகக் குறைத்துக்கொண்டு, காலி அரங்குகளில் அட்டைப் பொம்மைகளை உட்கார வைத்து சீசனைத் தொடங்கியது. பிளேஸ்பாலில் அந்தப் பொம்மைகூடக் கிடையாது. திரையில் வரிவரியாக எழுத்து ஓடும், அவ்வளவுதான். மணிக்கு ஓர் ஆட்டம். திங்கள் முதல் வெள்ளி வரை அணிக்கு 99 ஆட்டங்கள், சனிக்கிழமை இறுதிச் சுற்று, ஞாயிற்றுக்கிழமை தேர்தல். பொய்க்காசில் பந்தயம் கட்டி, ஜெயித்த காசில் ஓட்டு வாங்கி, லீகின் விதிகளையே மாற்ற முடிந்தது. காசு தீர்ந்துபோனால் பிச்சை கேட்கவும் வசதி இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு அது.

வீரர் என்றால் ஒரு பெயரும் கொஞ்சம் எண்களும். ஜெசிக்கா டெலிஃபோன், லாண்ட்ரி வயலன்ஸ் என்றெல்லாம் பெயர்கள். திறமையை அளக்கும் எண்களில் மிதக்கும் தன்மை, துயரத்தன்மை போன்றவையும் இருந்தன. சியாட்டில் கராஜஸ் அணியின் பந்துவீச்சாளர் ஜெய்லனும் அப்படி ஒரு பெயர்தான். முகம், ஊர், வயது எதுவும் சொல்லப்படவில்லை.

முதல் சீசன் முடிவில் தேர்தல் வந்தது. தடைசெய்யப்பட்ட புத்தகம் ஒன்று இருக்கிறது, திறக்கலாமா என்று கேட்டார்கள். திறக்காதே என்று எழுதிய கதவை யார் சார் விட்டுவைப்பார்கள்? ஓட்டுப் போட்டுத் திறந்தார்கள். சூரிய கிரகணம் வந்தது, அம்பயர்களின் கண்கள் வெளுத்தன, மோவாப் பாலைவனத்தை நரகவாய் விழுங்கியது. ஜெய்லன் எரிந்து சாம்பலானார். அந்த லீகின் முதல் சாவு அது. அதன்பின் கிரகண ஆட்டங்களில் அம்பயர் யாரையாவது எரிப்பதும், அவர் இடத்துக்கு இன்னொரு பெயர் வருவதும் வழக்கமாகிவிட்டது.

உங்கள் மகனின் குரல் மாறுவதற்குக் காரணம் இங்கே தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அந்தப் பெயருக்குப் பின்னால் ஆள் இல்லை, ஆனால் அந்தச் சாவுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான ஆட்கள் இருந்தார்கள். ஒரு நாவலில் யாராவது செத்தால் நாம் எழுத்தாளரைத் திட்டலாம். இங்கே அதற்கு வழியில்லை.

பிறகு ஆறாவது சீசன். ரசிகர்கள் ஆளுக்கொரு வீரரைத் தங்கள் ஆதர்சமாகத் தேர்ந்தெடுக்கலாம், அதற்கு ஒரு தரவரிசைப் பட்டியலும் உண்டு. அந்த வாரத் தேர்தலில் ஒரு வரம் வைத்திருந்தார்கள்: பட்டியலில் 14ஆவது இடத்தில் இருப்பவரை வெல்லும் அணி தூக்கிக்கொள்ளலாம். செத்தவர்களையும் ஆதர்சமாக வைக்க முடிகிறது என்பதை யாரோ கவனித்தார்கள். செய்தவர்கள் அடைக்க மறந்த ஓட்டை. ரசிகர்கள் பேசிவைத்து ஜெய்லனை மேலே தள்ளினார்கள். முதலிடத்துக்குத் தள்ளுவது சுலபம். மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் சரியாக 14இல் நிறுத்தி வைக்க வேண்டும், அதுதான் கஷ்டம். நிறுத்தினார்கள். வரம் யாருக்கு என்பது குலுக்கலில் முடிவாகும்; அது சியாட்டிலுக்கே விழுந்தது. ஜெய்லன் சொந்த அணிக்குத் திரும்பினார்.

நிறுவனம் ‘தவறு நடந்துவிட்டது’ என்று ரத்து செய்திருக்கலாம். அவர்கள் அதைவிடக் கெட்டிக்காரர்கள். திரும்பி வந்தவரின் பெயரோடு ‘கடன்பட்டவர்’ என்று ஒரு குறியை ஒட்டிவிட்டார்கள். ஏழாவது சீசனில் ஜெய்லன் வீசிய பந்து பேட்டர்களின் மேல் பட ஆரம்பித்தது. பட்டவர் ‘நிலையற்றவர்’ ஆவார். கிரகண நாளில் அவர் எரிவதற்கு வாய்ப்பு அதிகம், எரிந்தால் அந்த நிலை இன்னொருவருக்குத் தாவும். அப்படிப் பல பெயர்கள் போயின. ஒரே சீசனோடு கணக்கு தீரவும் இல்லை. வட்டிக்கடை மாதிரி அந்தக் கடனை மறுபடி மாற்றி எழுதினார்கள். பிறகு அவர் பந்து பட்டவர்கள் எரியவில்லை. வேறு அணிக்கு இழுத்துப் போகப்படும் ஆபத்து மட்டும் கூடியது.

சரி, உங்கள் இசக்கி, நீலி கேள்வி. பார்வைக்கு அப்படித்தான் தெரியும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீலி தனக்கான நியாயத்துக்காக வருகிறாள், தன்னைக் கொன்றவனைத் தேடி வருகிறாள். ஜெய்லன் எதையும் கேட்கவில்லை. வரவேண்டும் என்று நினைத்தவர்கள் ரசிகர்கள், கடன் எழுதப்பட்டது ஜெய்லன் பெயரில். நீலியால் அவன் உயிருக்கு ஆபத்து வந்தால் நாங்களும் சாவோம் என்று பழையனூரில் வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்களும் தாங்களே தீயில் இறங்கினார்கள். பிளேஸ்பாலில் வாக்குக் கொடுத்தவர்கள் வீட்டில் பத்திரமாக உட்கார்ந்திருந்தார்கள். தீயில் போனவர்கள் ஹேடீஸ் டைகர்ஸ் போன்ற ஏதோ ஓர் அணியில் தன் முறைக்கு பேட் பிடிக்க வந்தவர்கள். நீலி கதையைக் கேட்டு முடித்தால் ஊர் பொங்கல் வைத்து அவளைச் சாந்தப்படுத்தலாம். இதில் யார் யாரைச் சாந்தப்படுத்துவது?

ரசிகர்கள் படம் வரைந்தார்கள், கராஜஸ் அணியின் பெயரிலேயே இசைக்குழு தொடங்கி ஆல்பம் ஆல்பமாக வெளியிட்டார்கள். அவர்களுடைய விக்கியில் ஒரே வீரருக்கு ஒன்றுக்கொன்று முரணான பல வரலாறுகள் உண்டு, எல்லாவற்றுக்கும் சம மரியாதை. அந்த ஏற்பாடு பிடிக்கிறது. ஆனால் அதில் பாதி, வேடிக்கைப் பெயருக்கு மேலும் வேடிக்கை சேர்ப்பதுதான். மற்ற பெயர்களும் இதே அளவு கிறுக்கானவை, அவற்றில் பெரும்பாலானவை சிரிப்போடு முடிந்துபோயின. ஜெய்லன் விஷயத்தில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த மொட்டை வரிகள்தான்: இன்னாரை அம்பயர் எரித்தார், இன்னார் வந்தார். அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் கெட்டுவிடும்.

2023 ஜூனில் விளையாட்டை நிறுத்திவிட்டார்கள், இனி நீங்கள் ஆட முடியாது. உங்கள் மகனிடம் வேண்டுமானால் ஒன்று கேளுங்கள். முதல் சீசனிலிருந்தே இருந்தார் என்றால், அந்தப் புத்தகத்தைத் திறக்க அவரும் ஓட்டுப் போட்டாரா? பதிலை எனக்கும் எழுதுங்கள்.