டார்கோவும் லூக்காவும்: இளம் வீரரை எடைபோடுவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.-வில் அணிகள் புது இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் பற்றி ஒரு சந்தேகம். 2003-ல் டெட்ராய்ட் அணிக்கு இரண்டாவது தேர்வு கிடைத்தது. கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் பாஷ், டுவெய்ன் வேட் மூவரும் இருந்தும் டார்கோ மிலிசிச்சை எடுத்தார்கள். 2014-ல் 41-ஆவது ஆளாகப் போன யோக்கிச் மூன்று முறை எம்.வி.பி. (பருவத்தின் மிகச் சிறந்த வீரர்) ஆகிவிட்டார். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களை யாரால் கணிக்க முடியும்? எல்லாம் அதிர்ஷ்டம்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அதிர்ஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. 2007-ல் போர்ட்லாந்து முதல் ஆளாக எடுத்த கிரெக் ஓடனை முழங்கால் காயங்கள் முடக்கிப்போட்டன. மொத்தம் 105 ஆட்டங்களோடு அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் டார்கோ விஷயத்தை அந்தக் கணக்கில் சேர்க்க நான் தயாராக இல்லை.

டிராஃப்டுக்கு ஆறு நாள் முன்புதான் டார்கோவுக்குப் பதினெட்டு முடிந்தது. ஏழடி உயரம், இடது கை ஆட்டக்காரர், தூரத்திலிருந்தும் பந்து போடுவார். தடுக்க ஆளில்லாத பயிற்சிக் கூடத்தில் அப்படி ஒரு பையனைப் பார்த்தால் யாருக்கும் கண் விரியத்தான் செய்யும். ஆனால் செர்பியாவில் அவர் ஆடிய ஹெமோஃபார்ம் அணியில் ஆட்டத்தின் பாரம் அவர் தோளில் இருந்ததில்லை. அதே வருடம் ஆந்தனி முதலாமாண்டு மாணவராக சிரக்யூஸ் கல்லூரிக்குத் தேசியக் கோப்பையை வென்று கொடுத்திருந்தார். வேட், கென்டக்கி போன்ற பலமான அணிக்கு எதிராக 29 புள்ளி, 11 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டில் பந்தைப் பிடிப்பது), 11 அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி எடுக்கப் பாஸ் கொடுப்பது) எடுத்து மார்க்கெட் (Marquette) கல்லூரியை அரையிறுதிக்குக் கொண்டுபோயிருந்தார். ஆதாரம் கண்ணெதிரே கிடந்தது. டெட்ராய்ட் ஆதாரத்தை விட்டுவிட்டு வாக்குறுதியை வாங்கியது. முதல் பருவத்தில் டார்கோவின் சராசரி 1.4 புள்ளி.

அதனால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்தப் பையன் யாரை எதிர்த்து ஆடினான், எந்த வயதில், என்ன பொறுப்போடு?

இந்தக் கேள்விக்கு லூக்கா டான்சிச் அளவுக்குத் தெளிவான பதிலோடு டிராஃப்டுக்கு வந்தவர்கள் குறைவு. பதினாறு வயதில் ரியல் மாட்ரிட்டின் சீனியர் அணி. 2017-ல் ஸ்லோவேனியாவோடு ஐரோப்பியக் கோப்பை. 2018-ல் ஐரோப்பிய கிளப்புகளின் முதன்மைப் போட்டியான யூரோலீக் கோப்பையும் அதன் எம்.வி.பி. விருதும், பத்தொன்பது வயதில், முப்பதைத் தாண்டிய முரட்டு ஆட்களுக்கு நடுவே. இவ்வளவுக்கும் பிறகு 'வேகம் போதாது, உடம்பு கனம்' என்றார்கள். அவர் ஆட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வளையத்தை நோக்கிப் போகும்போது சட்டென்று நின்றுவிடுவார். தடுப்பவர் ஓடிய வேகத்தில் அவரைத் தாண்டிப் போய்விடுவார். அப்புறம் ஷாட்டோ பாஸோ, அவர் இஷ்டம். இந்த நிற்கத் தெரிகிற வித்தையை எந்த ஸ்டாப்வாட்ச் அளக்கும்? ஸ்லோவேனியாவுக்குப் பயிற்சி கொடுத்த கோகோஷ்கோவ்தான் அந்த வருடம் பீனிக்ஸின் பயிற்சியாளர். இருந்தும் பீனிக்ஸ் லூக்காவை விட்டுவிட்டு முதல் இடத்தில் ஏய்ட்டனை எடுத்தது. இரண்டாவதாக சாக்ரமெண்டோ பாக்லியை எடுத்தது. லூக்காவை மூன்றாவதாக அட்லாண்டா எடுத்து டல்லாசுக்குக் கைமாற்றிவிட்டது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

நான் பார்க்கும் இன்னொன்று ஃப்ரீ த்ரோ. எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷாட் அது, கை நேர்த்தியா என்று அதில் தெரிந்துவிடும். 2017-ல் முதல் இடத்தில் போன மார்க்கெல் ஃபுல்ட்ஸ் கல்லூரியில் தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்டில் 41 சதவீதம் போட்டவர். ஃப்ரீ த்ரோவிலோ 65-தான். எல்லாரும் 41-ஐப் பார்த்தார்கள். பிறகு வந்த தோள் பிரச்சினை வேறு கதை. ஆனாலும் நான் அந்த 65-ஐப் பார்த்துத் தயங்கியிருப்பேன்.

சரி, யோக்கிச் எப்படி அணிகளின் கண்ணில் படாமல் போனார் என்பீர்கள். எல்லா அணிகளும்தான் தவறவிட்டன, அவரை எடுத்த டென்வரும் அந்த வருடம் அவருக்கு முன்னால் வேறு ஆட்களை எடுத்தது. ஆதாரம் மங்கலாக இருக்கும்போது விலை முக்கியம். 2013-ல் கிரீஸின் இரண்டாம் டிவிஷனிலிருந்து வந்த யான்னிஸ் அண்டெடோகும்போவை மில்வாக்கி 15-ஆவது இடத்தில் எடுத்தது. நீளக் கை, எட்டி வைக்கும் பெரிய காலடி, உழைக்கும் மனம். 15-ஆவது இடத்துக்கு அது அருமையான பந்தயம். அன்று கையில் இருந்ததை மட்டும் வைத்து அவரை இரண்டாவதாக எடுக்கச் சொல்லியிருந்தால், நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.